உதைக்காமல் ஜெயித்த உதை
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 2010 ஜனவரி 4 அன்று அரிசோனா மாநிலம் கிளெண்டேலில் நடந்த ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தோம் (பவுல் என்பது பருவம் முடிந்ததும் அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்). அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று யாரும் மதிக்காத இரண்டு அணிகள், பாய்சி ஸ்டேட்டும் டெக்சஸ் கிறிஸ்டியனும், மோதிய ஆட்டம். பாய்சி 17–10 என்று ஜெயித்தது. கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஆட்டத்தில் உதைக்கப்படாமல் போன ஒரு உதையைப் பற்றித்தான். வேறு சில கேள்விகளும் உண்டு.

கேள்வி (சேலம்): பாய்சி அதற்கு முன் 13 ஆட்டம் ஆடி 13-லும் வெற்றி, டெக்சஸ் கிறிஸ்டியன் 12-க்கு 12. தோல்வியே காணாத இரண்டு அணிகள் மோதினால் அதுதானே இறுதிப் போட்டி? ஏன் அதற்குச் சாம்பியன்ஷிப் என்ற பெயர் இல்லை?

பதில்: நியாயம் பார்த்தால் அதுவும் ஒரு இறுதிப் போட்டிதான். ஆனால் அந்தக் காலத்தில் இறுதிக்கு யார் போவது என்பதை மைதானம் முடிவு செய்யவில்லை, பட்டியல் முடிவு செய்தது. 1998 பருவத்தில் தொடங்கி 2013 பருவத்தோடு முடிந்த அந்த ஏற்பாட்டுக்கு பி.சி.எஸ். என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு வாக்குகளுக்கு: பயிற்சியாளர்கள் போடுவது ஒன்று, ஹாரிஸ் வாக்கெடுப்பு இன்னொன்று. மீதி ஒரு பங்கு ஆறு கணினிக் கணக்குகளுக்கு. அந்த ஆறில் ஓர் அணிக்குக் கிடைத்த மிக உயர்ந்த மதிப்பையும் மிகத் தாழ்ந்த மதிப்பையும் தள்ளிவிட்டு, மிச்சம் நான்கை எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் கூட்டி முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் இறுதி ஆட்டம் ஆடலாம். மூன்றாவதாக வந்தவர், மயிரிழையில் பின்தங்கியிருந்தாலும், வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கலாம்.

2009 பருவத்தில் பவுல் ஆட்டங்களுக்கு முன்பு தோல்வி காணாத அணிகள் ஐந்து: அலபாமா, டெக்சஸ், சின்சினாட்டி, டெக்சஸ் கிறிஸ்டியன், பாய்சி ஸ்டேட். முதல் இரண்டும் இறுதிக்குப் போயின. டெக்சஸ் கிறிஸ்டியனுக்கு நான்காம் இடம். பாய்சிக்கு ஆறு, ஒரு ஆட்டம் தோற்றிருந்த ஃப்ளோரிடா அதற்கு மேலே ஐந்தில் இருந்தது. சொன்ன காரணம், 'நீங்கள் எளிய குழுவில் ஆடி ஜெயிக்கிறீர்கள்' என்பது (குழு என்றால், பருவம் முழுக்கத் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் அணிகளின் கூட்டமைப்பு). சரி, பெரிய அணிகள் பாய்சியின் ஊருக்கு வந்து ஆடுமா என்றால் பெரும்பாலும் வராது. வந்தவர்களில் ஓரிகன் ஒன்று. பருவத்தின் முதல் ஆட்டத்தில் 19–8 என்று பாய்சியிடம் தோற்றுத் திரும்பிய அந்த ஓரிகன்தான் பிறகு தன் பெரிய குழுவில் முதலிடம் பிடித்து ரோஸ் பவுல் ஆடியது.

ஆறு பெரிய குழுக்களின் சாம்பியன்களுக்கு முக்கியப் பவுல் ஆட்டங்களில் தானாகவே இடம் உண்டு. வெளியே இருக்கும் குழுக்களின் சாம்பியன் பட்டியலில் முதல் 12-க்குள் வந்தால் ஒரு இடம். அதுவும் ஒரே ஒரு அணிக்குத்தான் உத்தரவாதம். அது டெக்சஸ் கிறிஸ்டியனுக்குப் போனது. பாய்சியை ஃபியஸ்டா பவுல்காரர்கள் தங்கள் விருப்பத் தேர்வில் எடுத்தார்கள். இப்படி இரண்டு வெளி அணிகள் பெரிய பந்தியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. உட்கார வைத்ததோ ஒரே இலைக்கு எதிரெதிராக. எந்தப் பெரிய அணியும் இவர்களிடம் தோற்று மானம் போகும் ஆபத்து இல்லை. பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது என்பார்களே, அந்தக் கணக்கு. நோக்கம் அதுதான் என்று யார் மீதும் நாம் சாட்ட வேண்டாம். விளைவு அதுவாகத்தான் இருந்தது.

மூன்று நாள் கழித்து அலபாமா டெக்சஸை 37–21 என்று வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டது. சின்சினாட்டி ஃப்ளோரிடாவிடம் தோற்றது. ஆக, பருவம் முடிந்தபோது நாட்டிலேயே தோல்வி இல்லாத அணிகள் அலபாமாவும் பாய்சியும் மட்டும். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பில் 14–0 பாய்சிக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

கேள்வி (டாலஸ், அமெரிக்கா): எங்கள் பக்கத்து ஊர் அணியைச் 'சின்ன அணி' என்று எழுதிவிட்டீர்களே. டெக்சஸ் கிறிஸ்டியன் 1938-லேயே தேசியச் சாம்பியன். தெரியாதா?

பதில்: தெரியும். அந்த ஆண்டு அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டேவி ஓப்ரையன், கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மனும் வாங்கினார். 'சின்ன' என்பதற்குப் பதில் 'நொடித்துப்போன ஜமீன்' என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

1996-ல் பழைய சவுத்வெஸ்ட் குழு உடைந்தது. டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்டு எம், டெக்சஸ் டெக், பெய்லர் நான்கும் புதிய பிக் 12 குழுவுக்குள் போய்விட்டன. ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் டெக்சஸ் கிறிஸ்டியனுக்குக் கதவு சாத்தப்பட்டது. பிறகு குழு விட்டுக் குழு தாவி, 2005-ல் மவுண்டன் வெஸ்ட் குழுவில் ஒதுங்கியது. கேரி பேட்டர்சன் என்ற பயிற்சியாளர் அங்கே கட்டியெழுப்பியது ஒரு தடுப்பாட்ட அணி. முன்வரிசையில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர், கடைசிக் காவலில் ஐந்து பேர். பாஸ் ஆட்டம் பெருகி வந்த காலத்தில் பின்னால் ஒரு ஆள் கூடுதலாக நிற்பது பெரிய லாபம்.

பாய்சி இதற்கு நேர்மாறு. 1932-ல் இரண்டாண்டுப் படிப்பு மட்டும் தரும் கல்லூரியாகத் தொடங்கியது. கால்பந்தின் மேல்பிரிவுக்குள் அது நுழைந்ததே 1996-ல்தான். ஜமீன் வாரிசு வீட்டை இழந்த அதே வருடத்தில், முதல் தலைமுறைப் பட்டதாரி வேலைக்குச் சேர்ந்த மாதிரி. இன்னொன்று: ஃபியஸ்டா அவர்களுக்கு முதல் சந்திப்பு அல்ல. 2008 டிசம்பரில் சான் டியேகோவில் நடந்த பாயின்செட்டியா பவுலில் டெக்சஸ் கிறிஸ்டியன் 17–16 என்று பாய்சியை வென்றிருந்தது.

கேள்வி (நாகர்கோவில்): 'நான்காவது முயற்சி' என்று பத்து இடத்தில் எழுதுகிறீர்கள். விதியே தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

பதில்: 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு. நான்கிலும் முடியாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போகும்.

கபடியில் 'டூ ஆர் டை' ரெய்டு பார்த்திருப்பீர்கள், அந்த நெஞ்சிடிதான் நான்காவது முயற்சி. ஒரு வித்தியாசம்: இங்கே தப்பிக்க வழி உண்டு. பந்தைக் கையிலிருந்து விட்டுக் காலால் தூர உதைத்து, 'எடுத்துக்கொள், ஆனால் உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து ஆரம்பி' என்று சொல்லிவிடலாம். அதுதான் பன்ட். கோல்போஸ்ட் எட்டும் தூரத்தில் இருந்தால் தரையில் ஊன்றி உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். பந்தோடு எதிரணியின் கோல் பகுதிக்குள் புகுந்தால் டச்டவுன்: அதற்கு 6, பின்னாலேயே வரும் கூடுதல் உதைக்கு 1.

கேள்வி (பெங்களூரு): அந்தப் போலி பன்ட் எப்படி நடந்தது? யார் எங்கே நின்றார்கள், விதி எப்படி இடம் கொடுத்தது என்று விரிவாக எழுதுங்கள்.

பதில்: நிலவரத்தை முதலில் பார்ப்போம். நான்காவது கால்பகுதி. ஸ்கோர் 10–10. பாய்சியின் கையில் பந்து, சொந்தப் பக்கத்தின் 33 யார்டுக் கோட்டில். நான்காவது முயற்சி, தேவை 9 யார்டு. உலகத்தில் எந்தப் பயிற்சியாளரும் உதைத்துவிட்டுப் போகும் இடம். பாய்சியின் கிறிஸ் பீட்டர்சனும் உதைக்கும் அணியைத்தான் அனுப்பினார்.

பன்ட் அணி நிற்கும் விதம் இது. நடுவில் லாங் ஸ்நாப்பர். குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிபவர். அவருக்கு 14, 15 யார்டு பின்னால் பன்ட்டர். இருவருக்கும் நடுவே, ஒரு மெய்க்காப்பாளர் மாதிரி, தனிப் பாதுகாவலர். இரண்டு ஓரங்களிலும் ஓட்டக்காரர்கள். உதைத்த பந்து விழுமிடத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டியவர்கள்.

இப்போது விதி. பந்து வைத்திருக்கும் கோட்டில் ஏழு பேர் நின்றாக வேண்டும். அந்த வரிசையின் இரண்டு நுனியில் இருப்பவர்களும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும் மட்டுமே பாஸ் வாங்கலாம். சாதாரண ஆட்டத்தில் கோட்டில் ஐந்து பேராவது 50 முதல் 79 வரை எண் போட்டிருக்க வேண்டும். யார் வாங்கத் தகுதியானவர், யார் இல்லை என்பது சட்டையைப் பார்த்தாலே தெரியும். உதைக்கும் அமைப்பில் இந்த எண் விதி தளர்கிறது. வேகமாக ஓடக்கூடிய பின்வரிசை ஆட்களையும் கோட்டில் நிறுத்தலாம் என்பதற்காகக் கொடுத்த சலுகை அது. பலன் என்னவென்றால், எதிரணி எண்ணை நம்ப முடியாது. நிற்கும் இடத்தைத்தான் எண்ண வேண்டும். சில நொடிக்குள், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது, எண்ணிப் பாருங்கள் தெரியும்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர் டைட் எண்ட் (தடுக்கவும் செய்வார், பாஸும் வாங்குவார்) கைல் இஃபா. பன்ட்டர் கைல் பிராட்ஸ்மன். ஸ்நாப் வந்தது. பிராட்ஸ்மன் பந்தைப் பிடித்தார், காலுக்கு விடவில்லை, எறிந்தார். இஃபா பிடித்தபோது அருகில் தடுக்க ஆள் இல்லை. 29 யார்டு. பந்து எதிரணியின் 38-க்குப் போய்விட்டது. அந்தத் தந்திரத்துக்குப் பாய்சி வைத்திருந்த பெயர் 'ரிட்லர்', அதாவது விடுகதை போடுகிறவன். சில முயற்சிகள் கழித்து, 7 நிமிடம் 21 நொடி மீதியிருக்கையில் டக் மார்ட்டின் 2 யார்டு தூரத்தில் இருந்து புகுந்து டச்டவுன் போட்டார். 17–10. அதற்குப் பிறகு ஸ்கோர் மாறவே இல்லை.

பிடிப்பவர் ஏன் இப்படித் தனியாகக் கிடைக்கிறார் என்பதில்தான் சூட்சுமம். பன்ட்டைத் திருப்பிக் கொண்டுவர நினைக்கும் அணியில், முன்னால் நிற்பவர்கள் ஸ்நாப் ஆன கொஞ்ச நேரத்திலேயே முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். பந்து பிடிக்கும் தங்கள் ஆளுக்கு வழி அமைக்க. அந்த ஒன்றரை நொடியில் அவர்கள் கண் பந்தின் மேல் இல்லை. பாஸ் வாங்குபவர் முதலில் ஒரு மோது மோதித் தடுப்பது போல நடித்துவிட்டு, அவர்கள் காலி செய்த இடத்துக்குள் நுழைய வேண்டும். சீக்கிரம் நுழைந்தால் காட்டிக்கொடுக்கும். தாமதமானால் பன்ட்டரின் மேல் ஆள் விழுந்துவிடும்.

கெடுவதற்கு வழிகள் நிறைய. பன்ட் அணியில் எல்லோருக்கும் ஸ்நாப் ஆனதும் முன்னால் பாய்ந்து ஓடித்தான் பழக்கம். கல்லூரி விதியில் உண்மையான பன்ட்டுக்கு அது சரி. பாஸ் என்றால், வாங்கத் தகுதியில்லாத ஆள் பந்து போவதற்கு முன் கோட்டைத் தாண்டி 3 யார்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் தண்டனை, எல்லாம் வீண். கால் பழக்கத்தை அடக்குவதுதான் பயிற்சியில் அதிக நேரம் தின்னும். அடுத்தது எறிதல். பன்ட்டர் உதைத்த பந்து போல உயரமாகவும் தூரமாகவும் வீசினால், வாங்குபவரை எதிரணி இடித்தாலும் அது பாஸுக்கு இடையூறு என்று நடுவர் சொல்ல மாட்டார். விதிப்புத்தகத்தில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. ஆகவே தாழ்வாக, நேராக, சீக்கிரம். மூன்றாவது தவறு சின்னது, ஆனால் கேவலமானது: வாங்குபவர் 9 யார்டு தேவைப்படும் இடத்தில் 8-ல் நின்று பிடிப்பது.

கேள்வி (கோவை): ஜெயித்ததால் புகழ்கிறோம். பாஸ் தரையில் விழுந்திருந்தால் அதையே முட்டாள்தனம் என்று எழுதியிருப்பீர்கள் அல்லவா?

பதில்: எழுதியிருக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

பாஸ் தவறினால் டெக்சஸ் கிறிஸ்டியனுக்குப் பந்து பாய்சியின் 33-ல் கிடைக்கும். கோல் உதையின் தூரம் கணக்கிட, நிற்கும் கோட்டோடு 17 கூட்ட வேண்டும் (கோல் பகுதி 10 யார்டு, ஊன்றும் இடம் 7 யார்டு பின்னால்). 33-உம் 17-உம் 50. கல்லூரி உதைகாரருக்கு அது கஷ்டமான தூரம்தான். ஆனால் இன்னும் ஒரே ஒரு 10 யார்டு முன்னேறினால் 40 ஆகிவிடும், அது எட்டும் தூரம். அதாவது தோல்வியின் விலை ஏறக்குறைய 3 புள்ளி.

வழக்கம்போல உதைத்திருந்தால் திரும்பி ஓடியது போக 40 யார்டு லாபம் என்று வைப்போம். டெக்சஸ் கிறிஸ்டியன் தன் 27-ல் இருந்து ஆரம்பிக்கும். பாய்சிக்குப் பந்து எப்போது திரும்பும் என்று தெரியாது. திரும்பினாலும், இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் நின்ற அதே தடுப்பாட்டத்தைத்தான் மறுபடி உடைக்க வேண்டும். நேர்வழி அடைபட்டிருக்கும்போது கொல்லைப்புறக் கதவைத் தட்டியதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை.

தவிர, இப்படிப்பட்ட ஆட்டம் கண்ணை மூடிக்கொண்டு ஆடப்படுவதில்லை. எதிரணி தன் வழக்கமான தடுப்பு ஆட்களையே மைதானத்தில் விட்டு, பின்னால் ஒருவரை மட்டும் பந்து பிடிக்க நிறுத்தினால், தனிப் பாதுகாவலர் ஒரு சொல் கத்திப் போலியை ரத்து செய்துவிடுவார். பன்ட்டர் நிஜமாகவே உதைப்பார். அந்த ரத்துச் சொல் இல்லாமல் போலி பன்ட் வைத்திருக்கும் பயிற்சியாளரைத்தான் முட்டாள் என்று எழுத வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: பீட்டர்சன் இப்படிச் செய்யக்கூடியவர் என்பது ஊருக்கே தெரியும். மூன்று வருடம் முன்பு, 2007 ஜனவரி 1 அன்று, இதே மைதானத்தில் ஓக்லஹோமாவை 43–42 என்று கூடுதல் நேரத்தில் வென்றபோது ஒன்றல்ல, மூன்று தந்திர ஆட்டங்கள் ஆடியிருந்தார். சொந்த 33-ல் நின்றுகொண்டு செய்வார் என்பதுதான் எதிர்பாராதது.

கேள்வி (திருச்சி, உடற்கல்வி ஆசிரியர்): நிஜ பன்ட் உதைப்பதற்கு நேர அளவு, கால் வைப்பு என்ன? பள்ளி மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: ஸ்நாப்பரின் கையில் இருந்து பன்ட்டரின் கைக்கு 15 யார்டு பந்து வர 0.8 நொடிக்குள் இருக்க வேண்டும். பிடித்ததில் இருந்து கால் படும் வரை 1.3 நொடி. மொத்தம் 2.1 நொடியைத் தாண்டினால் எதிரணியின் கை பந்தில் படும். அதனால் மூன்று அடி எடுத்து வைக்கும் பழக்கம் உள்ள பையனுக்கு முதலில் இரண்டடியில் உதைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

தவறு பெரும்பாலும் காலில் இல்லை, கையில்தான். பந்தைத் தூக்கிப் போடக் கூடாது. இடுப்பு உயரத்தில் இருந்து, உள்ளங்கையை அடியில் இருந்து விலக்கிக்கொள்வது போல விட வேண்டும். முனை துளி கீழ்நோக்கியும், துளி உள்நோக்கியும் இருக்கட்டும். மேல்பாதத்தின் எலும்பு, பந்தின் வயிற்றில் பட வேண்டும். முனை மேலே தூக்கிக்கொண்டால் பந்து கரணம் அடித்துக் குட்டையாக விழும். பக்கவாட்டில் சாய்ந்தால் பாதத்தின் ஓரத்தில் பட்டு மைதானத்துக்கு வெளியே போகும். காலை வீசாமல் வெறும் 'விடுதல்' மட்டும் ஐம்பது தடவை: விட்ட பந்து எந்தக் கோணத்தில் தரையில் விழுகிறது என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிடும். காற்றில் 4 நொடிக்கு மேல் நின்றால் நல்ல பன்ட்.

கேள்வி (ஈரோடு): ஒரு போலி உதையை வைத்தே ஆட்டம் முழுவதையும் எழுதிவிட்டீர்கள். மற்ற பத்து புள்ளி எங்கிருந்து வந்தது?

பதில்: குட்டு சரிதான். பாய்சியின் முதல் டச்டவுனைப் போட்டவர் தடுப்பாட்டக்காரர். முதல் கால்பகுதியில் பிராண்டின் தாம்ப்சன், டெக்சஸ் கிறிஸ்டியனின் குவார்ட்டர்பேக் ஆண்டி டால்டன் எறிந்த பந்தை இடைமறித்து 51 யார்டு ஓடிப் போட்டார். பிறகு பிராட்ஸ்மன் ஒரு கோல் உதை. அந்தப் பருவம் முழுக்க டால்டனின் இடைமறிக்கப்பட்ட பாஸ்கள் 8. அதில் 3 இந்த ஒரே இரவில். தாம்ப்சன் மட்டும் இரண்டு பிடித்தார். சிறந்த ஆட்டக்காரர் விருதுகள், தடுப்பில் அவருக்கும் தாக்குதலில் இஃபாவுக்கும் போனது பொருத்தம்தான்.

டால்டனைக் குறைத்து எண்ண வேண்டாம், பின்னாளில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் நீண்ட காலம் ஆடினார். எதிர்ப்பக்கம் நின்ற பாய்சியின் குவார்ட்டர்பேக், இடக்கைக்காரர் கெலன் மோர் கல்லூரியை முடிக்கும்போது 50 வெற்றி, 3 தோல்வி.

கேள்வி (தூத்துக்குடி): பாய்சியின் மைதானம் நீல நிறமாமே? அது வெற்றிக்குக் காரணமா?

பதில்: நீலம்தான், 1986-ல் இருந்து. ஆனால் ஃபியஸ்டா பவுல் நடந்த கிளெண்டேலில் பச்சைப் புல். அதுவும் வெயில் காட்டுவதற்காகத் தட்டோடு அரங்குக்கு வெளியே இழுத்துப் போகப்படும் நிஜப் புல்.

கேள்வி (வேலூர்): பிராட்ஸ்மன் அதற்குப் பிறகு என்ன ஆனார்?

பதில்: இதை எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுத மனம் வரவில்லை. கேட்டுவிட்டதால் சொல்கிறோம்.

அதே ஆண்டு நவம்பர் 26. நெவாடா அணியோடு, ரீனோ நகரில். பாய்சி மறுபடியும் தோல்வியே இல்லாமல் வந்திருந்தது. பாதி ஆட்டத்தில் 24–7 என்று முன்னிலை. நெவாடா துரத்தி வந்து 31–31. ஓரிரு நொடி மீதியிருக்க, 26 யார்டு கோல் உதை. பிராட்ஸ்மனின் பந்து வலது பக்கம் விலகியது. கூடுதல் நேரத்தில் 29 யார்டு. இந்தத் தடவை இடது பக்கம். நெவாடா 34–31.

26 யார்டு என்றால் சுலபம் என்று தோன்றும். கல்லூரி மைதானத்தில் ஒரு கஷ்டம் உண்டு. பந்து வைக்கும் இரண்டு உள்கோடுகளுக்கு இடையே 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் 18 அடி 6 அங்குலம்தான், அதாவது கோல்போஸ்ட்டின் அகலமே. கல்லூரியில் அந்த உள்கோடு ஒன்றில் பந்து நின்றுவிட்டால், கிட்டத்தில் இருந்து உதைக்கும்போதுதான் கோணம் அதிகம் வெட்டும். 26 யார்டில் ஏறக்குறைய 14 டிகிரி சாய்வு. தூரம் கூடக்கூடச் சாய்வு குறையும். முதல் உதையை ஒரு பக்கம் விட்டவர் அடுத்ததை மறுபக்கம் விடுவதும் வழக்கமான வியாதிதான். திருத்துகிறேன் என்று இடுப்பை அதிகம் திருப்பிவிடுவார்கள்.

பாய்சி பெரிய பந்தியில் இருந்து இறங்கி லாஸ் வேகஸ் பவுலுக்குப் போனது. ரோஸ் பவுலுக்குப் போனவர்கள் டெக்சஸ் கிறிஸ்டியன். விஸ்கான்சினை 21–19 என்று வென்று 13–0 என்று முடித்து, நாட்டில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். இரண்டு பருவம், இரண்டு அணி, இரண்டும் ஒரு தடவை தோல்வியே இல்லாமல் முடித்தன, பட்டம் ஒருவருக்கும் இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): இப்போதுள்ள முறையில் அப்படி இரண்டு அணிகள் உண்மையான இறுதி ஆட்டத்தில் சந்திக்க முடியுமா?

பதில்: முடியும். 2014 பருவத்தில் நான்கு அணி அரையிறுதி முறை வந்தது. 2024-ல் அது 12 அணிகளாக விரிந்தது. நம் இரண்டு அணிகளுமே உள்ளே போய்ப் பார்த்துவிட்டன. 2012-ல் ஒருவழியாக பிக் 12 குழுவில் சேர்ந்த டெக்சஸ் கிறிஸ்டியன், 2023 ஜனவரியில் இறுதி ஆட்டம் வரை போய் ஜார்ஜியாவிடம் 65–7 என்று நசுங்கியது. பாய்சி 2024 பருவத்தின் காலிறுதிக்கு வந்து, அதே கிளெண்டேல் அரங்கில், அதே ஃபியஸ்டா பவுல் பெயரில், பென் ஸ்டேட்டிடம் 31–14 என்று தோற்றது.

நீங்கள் கேட்பதற்கு மிக நெருங்கி வந்தது 2026 ஜனவரி 19-ல் மயாமி கார்டன்ஸில் நடந்த இறுதி: இந்தியானா 27, மயாமி 21. அதிகத் தோல்விகள் கண்ட அணி என்ற பட்டத்தைப் பல்லாண்டு சுமந்தது இந்தியானா. 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்த இரண்டாவது பருவத்தில் 16–0. மயாமியை ஏழை என்று சொல்ல முடியாது, ஐந்து பட்டம் வென்ற வீடு; ஆனால் கடைசிப் பட்டம் 2001-ல், இந்தத் தடவை வந்ததும் பத்தாம் வரிசை அணியாக.

நம் தலைப்புக்குப் பொருத்தமான ஒன்று அந்த ஆட்டத்திலும் நடந்தது. மயாமியின் பன்ட் ஒன்றை இந்தியானாவின் மிக்காய்ல் கமாரா கையால் தடுத்தார். பந்து கோல் பகுதிக்குள் உருள, சக வீரர் அதன் மேல் விழுந்து டச்டவுன். 6 புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் அது எவ்வளவு கனம் என்று நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): 2010 ஆட்டத்தின் காணொளி பார்க்கப் போகிறேன். அந்த உதை வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் தடவை ஓடவிட்டு ரசியுங்கள். இரண்டாவது தடவை, ஸ்நாப் ஆகும் நொடியில் பந்தைப் பார்க்காதீர்கள், பாய்சியின் முன்வரிசையைப் பாருங்கள். பன்ட் என்றால் எல்லோரும் ஒரே மூச்சில் முன்னால் ஓட வேண்டும். எத்தனை பேர் ஓடாமல் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்றாவது தடவை பிராட்ஸ்மனின் கால்கள். வீடியோவைக் கால்வேகத்துக்குக் குறைத்தால், கை எறியப் போகிறது என்பதை உடம்பு எந்த அடியில் சொல்லிவிடுகிறது என்று தெரியும்.